வெள்ளவத்தைக் கடலில் அயடீனை யாராவது அளக்கிறார்களா?

இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்
பிரதிகள்: சுகாதார அமைச்சு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கொழும்பு மாநகர சபை

வணக்கம்.

அணு மருத்துவப் பிரிவில் ஒருவர் ஸ்கானுக்காகவோ சிகிச்சைக்காகவோ கதிரியக்க மருந்தை ஊசியாக ஏற்றிக்கொள்கிறார், அல்லது கதிரியக்க அயடீனைக் குடிக்கிறார். உடல் எடுத்துக்கொண்டது போக மிச்சம் சிறுநீரோடு வெளியே வருகிறது. அது எங்கே போகிறது, போன இடத்தில் எவ்வளவு சேருகிறது, அதை யார் அளக்கிறார்கள் என்பதைப் பற்றியது இந்த மடல்.

இதை வைத்தியசாலைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் 2015 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பழைய அணுசக்தி அதிகாரசபையின் வேலை இரண்டாகப் பிரிந்தது. அணுத் தொழில்நுட்பத்தை வளர்க்கும் பொறுப்பு ஒரு சபைக்கு, அதைக் கண்காணிக்கும் பொறுப்பு உங்களுக்கு. அனுமதிப்பத்திரம் கொடுப்பவர்கள் நீங்கள். அந்தப் பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதுகிறீர்களோ அதுதான் வார்ட்டில் நடக்கும்.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பாதி படித்துவிட்டு யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. இந்நாட்டுப் பெண்களிடையே முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய்களில் தைரொய்ட் புற்றுநோயும் ஒன்று. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர் கதிரியக்க அயடீன் கொடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கும் ஆள் இல்லை. நமது மண்ணுக்கும் அது புதிதல்ல. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றுக்குப் போகுமுன் இந்நாட்டின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1904-இல் உலகுக்கு அறிமுகமான தோரியனைட் என்ற கதிரியக்கக் கனியத்தைக் கண்டெடுத்தவரும் அவரே. பேருவளைக் கரை மணலில் தோரியம் கலந்த மொனசைட் இன்றைக்கும் கிடக்கிறது.

வைத்தியசாலைகளில் அதிகம் பாவிக்கப்படும் கதிரியக்கச் சமதானி (ஐசோடோப்) டெக்னீசியம்-99எம். எலும்பு, சிறுநீரகம், இதயம் என்று பெரும்பாலான ஸ்கான்கள் அதை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஆறு மணித்தியாலம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்கு. நாலைந்து நாளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: "சேர், அது சிதைந்து டெக்னீசியம்-99 ஆகிறதே, அதன் அரைவாழ்வு 211,000 ஆண்டுகள் அல்லவா?" சரியான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால், எலும்பு ஸ்கானுக்கு வழக்கமாக ஏற்றும் 740 மெகாபெக்கரல் (பெக்கரல் கதிரியக்கத்தின் அலகு, மெகா என்றால் பத்து லட்சம்) முழுவதும் சிதைந்தபின் மிஞ்சுவது இரண்டரைப் பெக்கரலுக்குக் கிட்ட. ஒரு வாழைப்பழத்தில் இயற்கையாகவே 15 பெக்கரல் அளவு பொட்டாசியம்-40 இருக்கிறது. ஆகவே டெக்னீசியத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

அயடீன்-131 வேறு விதம். அரைவாழ்வு எட்டு நாள். தைரொய்ட் புற்றுநோய்க்குக் கொடுக்கும்போது 3.7 கிகாபெக்கரல், அதாவது பழைய கணக்கில் 100 மில்லிகியூரி, சிலருக்கு அதற்கும் மேலே. உடலில் அயடீனை இழுத்து வைத்துக்கொள்வது தைரொய்ட் சுரப்பி. அதை அகற்றிய உடலில் அயடீன் தங்குவதற்கு இடம் குறைவு. பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். அதனால்தான் உலகின் பல இடங்களில் இந்த வார்ட்டுகளின் மலசலகூடங்களை நேரே வடிகாலில் இணைக்காமல் நிலத்தடித் தாங்கிகளில் இணைக்கிறார்கள். ஒரு தாங்கி நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பது, மூடியது சிதைந்தபின் அளந்து வெளியே விடுவது. மற்றப் பல நச்சுக் கழிவுகளுக்கு இல்லாத வசதி இது. பாதரசத்தை நூறு வருடம் பூட்டி வைத்தாலும் பாதரசம்தான். அயடீன்-131-ஐ 80 நாள் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

உங்கள் அதிகாரிகள் இந்த இடத்தில் என்ன பதில் சொல்லக்கூடும் என்பது எனக்குத் தெரியும். கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2004-இல் வெளியிட்ட 94-ஆம் இலக்க அறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். நோயாளியின் சிறுநீரைச் சேமித்து வைப்பதால் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது, அயடீனைச் சுற்றாடலில் கண்டறிய முடிந்தாலும் அளக்கத்தக்க பாதிப்பு இல்லை, கழிவுநீர்த் தொழிலாளருக்கும் பொதுமக்களுக்கும் போகும் அளவு வரம்புக்குக் கீழேதான் என்கிறது அது. நல்ல அறிக்கை. செலவையும் நன்மையையும் நிறுத்துப் பார்த்து எழுதியது. ஆனால் அதில் அந்தத் தீர்ப்பு நவீன கழிவுநீர்த் தொகுதிகளைப் பற்றிச் சொல்லப்பட்டது. நவீன என்ற அந்த நிபந்தனையைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நமது தொகுதியைப் பார்ப்போம். கொழும்பு நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் 1900-களின் தொடக்கத்தில் போடத் தொடங்கியவை. நகரத்தின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் இரண்டு குழாய்கள் வழியாக, பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலேயே கடலில் விடப்பட்டு வந்திருக்கிறது. பின்னேரங்களில் நாங்கள் காற்று வாங்கப் போகும் அதே கரைதான். சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அயடீன் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்த நிலையத்தாலும் கதிரியக்கத்தை அழிக்க முடியாது. ஆனால் அங்கே நீர் தேங்கி நிற்கிறது, ஒரு பகுதி சேற்றில் தங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அளப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டது சில மணித்தியாலங்களில் கடலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கடல் பெரியது, கரைந்துவிடும் என்பார்கள். பெருமளவு உண்மைதான். அளந்து பார்த்தால் பயப்படும் எண் எதுவும் வராது என்பதே என் கணிப்பும். ஆனாலும் கடற்பாசி அயடீனைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொள்ளும் உயிரினம். நகரங்களை ஒட்டிய கடல்களில் மருத்துவ அயடீனைப் பாசியிலும் கழிவுநீர்ச் சேற்றிலும் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கடலுக்கு முன்னால் குழாயும் பம்பி நிலையமும் இருக்கின்றன, அவற்றில் இறங்கி அடைப்பு எடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக மாநகர சபையின் சுத்திகரிப்பு வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கையுறையே ஒழுங்காகக் கிடைக்காத தொழிலில் இருப்பவரிடம் போய், உங்களுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சர்வதேச வரம்புக்குக் கீழே என்று சொல்வதற்கு முதல், இங்கேயே அளந்த எண் ஒன்று கையில் இருக்கவேண்டும்.

அளப்பவர்களுக்கு என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சம்பவம். 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் தங்கள் குடிநீரைச் சோதித்தார்கள். பிலடெல்பியாவில் குயீன் லேன் என்ற சுத்திகரிப்பு நிலையத்தின் நீரில் அயடீன்-131 இருந்தது. ஜப்பானிலிருந்து வந்தது என்று முதலில் சந்தேகம். மாதங்கள் போயும் அது நிற்கவில்லை. தேடிப் போனால், ஆற்றின் மேற்பகுதி ஊர்களில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய தைரொய்ட் நோயாளிகளின் சிறுநீர், கழிவுநீர் நிலையங்கள் வழியாக ஆற்றில் சேர்ந்து, கீழே குடிநீர் எடுக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அளவு வரம்புக்குள்தான், யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் ஜப்பானில் அந்த விபத்து நடந்திருக்காவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கே அது தெரிய வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கொழும்புக்குக் குடிநீர் பெருமளவு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. களனியின் நீரேந்துப் பகுதி மஸ்கெலியா, நோர்வூட் வரைக்கும் போகிறது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை முடித்து அந்தப் பக்கம் பஸ் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் இருப்பது குழி மலசலகூடம். கிணறும் ஓடையும் தள்ளி இருந்தால், அயடீனைப் பொறுத்தமட்டில் அந்தக் குழியே ஒரு தாங்கிதான்; உள்ளே கிடந்து சிதைந்துபோகும். பிரதான குழாயில் இணைத்த கொழும்பு அடுக்குமாடிக்காரனின் கழிப்பறைதான் அதை நேரே கடலுக்கு அனுப்புகிறது.

வீட்டுக்கு அனுப்பும் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஜேர்மனியில் இந்தச் சிகிச்சைக்குக் குறைந்தது 48 மணித்தியாலம் வார்ட்டில் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் பலரை அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். எது சரி என்று ஒரே விதி இல்லை. வீடு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. என் தங்கையின் மகளுக்கு அயடீன் கொடுத்தபோது (எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை) கையில் தந்த அறிவுறுத்தல் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. தாதி நல்ல மனுஷி, தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினார். தனி மலசலகூடம் பாவிக்கவேண்டும், இருந்துதான் சிறுநீர் கழிக்கவேண்டும், இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணவேண்டும், பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்கவேண்டும், தனியே படுக்கவேண்டும். எல்லாம் சரியான அறிவுரை. ஆனால் அவள் இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், பொது மலசலகூடம், ஃப்ளஷ் கிடையாது, வாளியும் கோப்பையும்தான். தனிக் கட்டில் போட அறை இல்லை. நான் போய் வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தேன். அப்படி வருவதற்கு ஒரு மாமா வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

வீட்டு நிலைமையை யாரும் அவளிடம் விசாரிக்கவில்லை. அனுமதிப்பத்திர நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அனுப்புவதற்கு முன் மலசலகூடம் தனியா பொதுவா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டு எழுதவேண்டும், பொது மலசலகூடம் என்றால் இன்னும் இரண்டு நாள் வார்ட்டில் வைத்திருக்கவேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, எனவே தாள் மூன்று மொழியிலும் இருக்கவேண்டும் என்பதைக் கேட்கவே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

அந்தத் தாளில் குப்பை பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதியவர்களுக்குக் கட்டும் டயப்பர், மாதவிடாய்த் துணிகள், வாந்தி துடைத்தவை எல்லாம் வழக்கமான பையில் போகின்றன. கொழும்பின் குப்பையில் ஒரு பகுதி 2021 முதல் கெரவலப்பிட்டியில் எரித்து மின்சாரமாக்கப்படுகிறது. அயடீன் சூட்டில் இலகுவில் ஆவியாகும் பொருள், புகையோடு போகும். அளவு சின்னதுதான், ஆனால் வாசலில் ஒரு கதிர்வீச்சு உணரியை வைத்தால் தெரிந்துபோகிற விஷயம். பல நாடுகளில் குப்பை நிலைய வாசல்களில் அது இருக்கிறது. அடிக்கடி மணி அடிப்பதும் நோயாளிகளின் டயப்பருக்குத்தான். வீட்டிலேயே பையை மூடித் தனியே சில வாரம் வைத்துவிட்டு எறியுங்கள் என்று தாளில் ஒரு வரி எழுத என்ன செலவு?

இனி வரப்போவதைப் பற்றி. லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளை உடலில் ஏற்றிச் செய்யும் சிகிச்சை 2018-இல் அமெரிக்காவில் ஒரு வகைப் புற்றுநோய்க்கும், 2022-இல் புரொஸ்டேட் புற்றுநோய்க்கும் அங்கீகாரம் பெற்றது. ஒரு தடவைக்கு 7.4 கிகாபெக்கரல், புரொஸ்டேட்டுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை வரை. அதன் அரைவாழ்வு ஏழு நாளுக்கும் குறைவு என்பதால் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த லுட்டீசியத்தைத் தயாரிக்கும் இரண்டு வழிகளில் மலிவான வழியில் லுட்டீசியம்-177எம் என்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்துவிடும். அதன் அரைவாழ்வு 160 நாள். பத்து அரைவாழ்வு காத்திருப்பதென்றால் நான்கு வருடத்துக்கும் மேல். மூன்று மாதத் தாங்கியை மனதில் வைத்துக் கட்டிய வார்ட்டுக்கு இது புதுத் தலைவலி. இற்றர்பியத்திலிருந்து செய்யும் மற்ற வழியில் இந்தக் கலப்படம் இல்லை. விலை கூட. இறக்குமதி அனுமதி கொடுக்கும்போது மருந்தின் விலையோடு அதன் கழிவை நாலு வருடம் காக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டியவர்கள் நீங்கள். கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) மலிவானதுக்கு டிக் போட்டபின் கேட்டுப் பயனில்லை.

நீண்ட ஆயுள் கொண்ட, பாவனை முடிந்த கதிரியக்க மூலங்களையும் ஒரு நிமிடம் நினைக்கவேண்டும். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சிய பழைய கோபால்ட் இயந்திரங்களின் தலைகள், அளவிக் கருவிகளைச் சரிபார்க்கும் சீசியம். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரம் ஒன்றிலிருந்த சீசியத்தைப் பழைய இரும்புக்காரர்கள் உடைத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்கவேண்டி வந்தது. 2010-இல் டில்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் போட்ட கருவியால் அதே கதை, ஒருவர் இறந்தார். பஞ்சிகாவத்தையும் பழைய இரும்புக் கடைகளும் உள்ள ஊரில் இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. நம் அணுசக்தி சபையின் வளாகம் ஒருகொடவத்தையில் இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் பக்கத்து வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கின. அடுத்த வருடம் சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, அந்தப் பகுதியிலேயே முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பழைய மூலங்களை வைக்கும் இடம் எத்தனை அடி வெள்ளத்தைத் தாங்கும் என்பதை அந்தப் பக்கத்துச் சனங்களுக்குச் சொல்லிவிடுங்கள். இரகசியம் என்று சொல்லத்தக்க விஷயம் இது இல்லை.

இதுவரை சொன்னது நம் பக்கத்துக் கழிவு. உண்மையில் அணு மருத்துவத்தின் பாரமான கழிவு நம் நாட்டுக்கு வருவதே இல்லை. டெக்னீசியத்தின் தாய் மொலிப்டினம்-99. உலகத் தேவையின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆய்வு உலைகளில், யுரேனியத் தகடுகளிலுள்ள அணுக்களைப் பிளந்து எடுக்கப்படுகிறது: நெதர்லாந்தில் பெட்டன், பெல்ஜியத்தில் பிஆர்-2, தென்னாபிரிக்காவில் சஃபாரி-1, அவுஸ்திரேலியாவில் ஓபல் போல. முதல் மூன்றும் 1960-களில் இயங்கத் தொடங்கியவை. பிளவுறும் நூறு அணுக்களில் ஏறத்தாழ ஆறுதான் மொலிப்டினம்-99 ஆகின்றன. மிச்சமெல்லாம், சீசியமும் ஸ்ட்ரோன்சியமும் உட்பட, அந்த நாடுகளிலேயே தங்குகின்றன. கட்டுநாயக்கவில் நாம் இறக்குவது ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சுத்தமான ஒரு ஜெனரேட்டரை, அதாவது மொலிப்டினத்தை அடைத்து அதிலிருந்து டெக்னீசியத்தைக் கறந்தெடுக்கும் கருவியை, மட்டும்.

ஆகவே வந்ததை வீணாக்காமல் பாவிப்பதுதான் நம்மால் செய்யக்கூடிய பெரிய சுற்றாடல் வேலை. மொலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணித்தியாலம். ஒரு நாள் சும்மா கிடந்தால் 22 சதவீதம் போய்விடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூடிவிட்டுத் திங்கள் காலை திறந்தால் கிட்டத்தட்டப் பாதி இல்லை. அதற்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை தெரியாது. சுங்கத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தாலும் அப்படியே. வெளியே ஸ்கானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிகள். உள்ளே யாருக்கும் ஏற்றப்படாமல் சிதையும் மருந்து. ஜெனரேட்டர் வந்து இறங்கும் நாளைப் போயாவுக்கும் நீண்ட விடுமுறைகளுக்கும் ஏற்ப மாற்றுவதும், வந்த வாரத்தில் சனிக்கிழமையும் வேலை செய்ய மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுப்பதும், கழிவைக் குறைக்கும் எந்தக் கருத்தரங்கைவிடவும் அதிகம் சாதிக்கும். பெட் (PET) ஸ்கானில் இது இன்னும் கடுமை. அதற்கு ஏற்றும் புளோரின்-18-இன் அரைவாழ்வு 110 நிமிடம். கடல் தாண்டி விமானத்தில் கொண்டுவந்தால், இறங்கி அனுமதி பெற்று மகரகம போய்ச் சேருமுன் பாதிக்கு மேல் போயிருக்கும். 2016-இல் மகரகமவுக்குப் பெட் ஸ்கான் இயந்திரம் வாங்கச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் காசு போட்டார்கள், உண்டியல் உடைத்த சின்னப் பிள்ளைகள் உட்பட. அந்தக் காசு விமான நிலைய வரிசையில் சிதையக்கூடாது.

உங்களிடம் நான் கேட்பவற்றில் மிகச் சின்னதும் மிக அவசரமானதும் ஒன்று. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குப் போகும் கழிவுநீரில், குழாய் முடியும் இடத்துப் பாசியில், அம்பத்தலையில் உள்ளெடுக்கும் நீரில் அயடீன்-131-ஐ மாதம் ஒருமுறை அளந்து, எண்ணை மூன்று மொழியில் வெளியிடுங்கள். ஏற்கனவே அளந்திருந்தால் அலுமாரியைத் திறந்து வெளியே வையுங்கள். காமா நிறமாலைமானி கொண்ட ஓர் ஆய்வுகூடமும், போத்தலில் தண்ணீர் எடுத்துவர ஒரு ஆளும் போதும். எட்டு நாள் அரைவாழ்வு உள்ள பொருள் என்பதால் மாதிரியை மேசையில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அளக்காதீர்கள். அப்படி அளந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். புதிய லுட்டீசியம் வார்ட்டுகளுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்குமுன் இந்த எண்கள் வேண்டும். பிறகு கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதற்கு முன்னைய எண் ஒன்று இருக்கவேண்டுமே.

தமிழில் அறிவுறுத்தல் தாள் எழுத ஆள் தேவை என்றால் நான் தயார். கூலி வேண்டாம். சொற்களை உங்கள் பௌதிகவியலாளர்கள் சரிபார்த்தால் போதும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்